கண்ணை மட்டும் விட்டுவிடச் சொல்லாதீர்கள்

"கண்ணை மட்டும் விட்டுட்டு மிச்சத் தோலை உரிச்சிடுங்க டீச்சர். ஏன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

போன திங்கட்கிழமை காலையில் ஓர் அப்பா சொன்னது. இந்தப் பருவத்தில் இதைச் சொல்லும் நான்காவது ஆள் அவர். பையன் மூன்றாம் வகுப்பு. ஏழாம் வாய்ப்பாடு ஒப்பிக்கவில்லை, அதுதான் குற்றம். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. எனக்கு ஏதோ மரியாதை செய்கிற தோரணையில்தான் சொன்னார். பையன் கண் மட்டும் என் மேசையை ஒரு சுற்று சுற்றி வந்தது. பிரம்பைத் தேடுகிறான். மேசையில் இருந்தது வருகைப் பதிவேடு, ஒரு டப்பா சாக்பீஸ், பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் செயலி திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்த என் செல்போன், அவ்வளவுதான்.

நான் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை. 43 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். (60 பிள்ளைகள் வரை இரண்டு பேர் என்பதுதான் சட்டக் கணக்கு. ஐந்து வகுப்பை இரண்டு பேர் எப்படி நடத்துகிறோம் என்று கேட்காதீர்கள், அந்தப் புலம்பலைத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.) எங்கள் வாயில் சுவரில் நான்கு வரி எழுதியிருக்கிறது. முதல் வரியே, 'இங்கே யாரும் யாரையும் அடிப்பதில்லை.' அந்த அப்பா அதற்குக் கீழே பைக்கை நிறுத்திவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

அந்த வரிகள் நான் எழுதியவை அல்ல. பள்ளி மேலாண்மைக் குழு எழுதியது. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் ஏற்பாடு. நான் கொண்டுபோன வரைவில் 'ஒழுக்கம், உழைப்பு, உயர்வு' என்று இருந்தது. நூறு நாள் வேலை முடித்து நேராக வந்திருந்த ஓர் அம்மா படித்துப் பார்த்துவிட்டு, "இது பஸ் ஸ்டாண்டு சுவத்துலயும் இருக்கே டீச்சர்" என்றார். சுருக்கென்றது. அந்த வரியை நீக்கிவிட்டேன். அதன் பிறகு பேசிப் பேசி வந்த வரிகள்தான் இவை: யாரும் யாரையும் அடிப்பதில்லை. எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். தெரியாது என்று சொன்னால் யாரும் சிரிக்க மாட்டோம். ஐந்தாவது முடிக்கிற பிள்ளை தடுமாறாமல் தமிழ் வாசிக்கும், வீட்டு மளிகைக் கணக்குப் போடும்.

தீர்மானத்தில் அந்த அப்பாவின் மனைவியும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

எனக்குத் தாங்க முடியாதது ஒன்றுதான்: 'நானே பர்மிஷன் குடுத்துட்டேனே' என்கிற நினைப்பு. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 17ஆம் பிரிவு பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்கிறது. மீறுகிற ஆசிரியர் மேல் துறை நடவடிக்கை உண்டு. அப்பா சரி என்றால் அடிக்கலாம் என்று அதில் எந்த இடத்திலும் இல்லை. நீங்கள் பத்திரத்தில் எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுத்தாலும் செல்லாது. வலிப்பது அவன் முதுகில். அதற்கு அனுமதி கொடுக்க நீங்கள் யார், வாங்கிக்கொள்ள நான் யார்?

அடுத்தது, 'நாங்கல்லாம் அடி வாங்கித்தானே படிச்சோம்.' படித்தீர்கள், சரி. உங்களோடு முதல் வகுப்பில் உட்கார்ந்து, அடிக்குப் பயந்து மூன்றாவதோடு நின்றுபோனவர்கள் எத்தனை பேர்? எண்ணிச் சொல்லுங்கள். அவர்கள் வந்து இந்தக் கதையை என்னிடம் சொல்வதில்லை, பள்ளி வாசலை மிதிக்கவே கூசுகிறார்கள். அடியாத மாடு படியாது என்பீர்கள். இருபத்திரண்டு வருஷமாக வாய்ப்பாடு சொல்லித் தருகிறேன். அடி விழும் என்று தெரிந்த பிள்ளையின் புத்தி முழுக்க என் கையில்தான் இருக்கும், ஏழெட்டு ஐம்பத்தாறில் இருக்காது. அந்தப் பையனுக்கு ஏழாம் வாய்ப்பாடு வராததற்குக் காரணம் வேறு. அவனுக்கு இன்னும் கூட்டலிலேயே பத்தைத் தாண்டத் தடுமாற்றம். புளியங்கொட்டை வைத்து ஏழு ஏழாக அடுக்கச் சொன்னேன், இப்போது ஏழைந்து வரைக்கும் வந்திருக்கிறான்.

அன்று மதியம் வேப்ப மரத்தடியில் பிள்ளைகள் 'டீச்சர் விளையாட்டு' விளையாடினார்கள். டீச்சராக இருந்தது இரண்டாம் வகுப்புப் பெண். கையில் ஒரு வேப்பங்குச்சி. எதிரே உட்கார்ந்திருந்த குட்டிப் பையனிடம், "கைய நீட்டு. கண்ண மட்டும் விட்டுடறேன்" என்றாள். எங்கள் பள்ளியில் பிரம்பே கிடையாது. அவள் எங்கே கற்றாள்?

இரண்டாவது வரிக்கு வருகிறேன், சுருக்கமாகவே. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. மறு வருஷம் ஆகஸ்ட்டில் எங்களைப் போன்ற பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. சமைப்பவர் சுய உதவிக் குழுப் பெண். அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று விசாரித்துவிட்டு, 'வயித்து வலின்னு சொல்லிடு' என்று பிள்ளைக்குப் பாடம் சொல்லி அனுப்புகிறீர்களே, அந்தப் பிள்ளை பக்கத்துத் தட்டில் இருக்கிற பொங்கலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை ஒரு நாள் வந்து பாருங்கள். சாதி நிறத்தில் கயிறு கட்டி அனுப்புவதும் இதே ரகம். நாங்குநேரியில் 2023இல் உடன் படித்தவர்களே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு, பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. கையில் வண்ணக் கயிறு கூடாது என்று 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. உயர்நிலைப் பள்ளித் தொல்லை என்று நானும் நினைத்திருந்தேன். போன மாதம் ஒன்றாம் வகுப்பில் ஒரு கையில் பார்த்தேன். அவனுக்கு இன்னும் நிறங்களின் பெயரே முழுசாகத் தெரியாது.

ஆகவே, தயவுசெய்து:

பிள்ளை எதிரில் என்னிடம் அடிக்கச் சொல்லாதீர்கள். 'டீச்சர்கிட்ட சொல்லிடுவேன்' என்று சோறு ஊட்டவும் வேண்டாம், நான் பூச்சாண்டி இல்லை. வீட்டில் நோட்டைத் திறந்து, இன்றைக்கு என்ன தெரியவில்லை என்று கேளுங்கள். என்ன மார்க் என்று அப்புறம் கேட்கலாம். எந்த ஆசிரியராவது அடித்தால், நானே அடித்தாலும், பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417க்கோ, குழந்தைகள் உதவி எண் 1098க்கோ கூப்பிடுங்கள். கயிற்றை வீட்டிலேயே அவிழ்த்துவிடுங்கள். நான் அவிழ்த்தால் ஊரில் அது வேறு பேச்சாகிவிடும். தீர்மானப் புத்தகத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். படிக்கத் தெரியாது என்றால் சொல்லுங்கள், வாசித்துக் காட்டுகிறேன். மூன்றாவது வரி உங்களுக்கும் சேர்த்துத்தான்.

அடுத்த கூட்டம் வரும் வெள்ளிக்கிழமை. மூன்று மணிக்கு வைத்தால் வேலைக்குப் போனவர்கள் வர முடிவதில்லை, அதனால் நாலரைக்கு மாற்றியிருக்கிறேன். முதல் வரியை மறுபடி பேசப் போகிறோம். சுவரில் இருப்பதை எடுத்துவிடலாம் என்று யாருக்காவது தோன்றினால், அதையும் அங்கே வந்து சொல்லுங்கள். அந்த அப்பாவுக்கும் ஆள் விட்டிருக்கிறேன். வருகிறேன் என்றிருக்கிறார்.