காணி பிரிக்கும்போதே வீதி முடிவாகிறது

கண்டி-யாழ்ப்பாணம் ஏ-9 வீதி ஓரத்திலும் வன்னியின் சந்திகளை ஒட்டியும் தோட்டக் காணிகள் துண்டுபட்டுக் கடையும் வீடுமாகின்றன. வீதிக்குக் காப்பெற், அதாவது தார், போடுவதெல்லாம் பிறகு. ஒழுங்கை எவ்வளவு அகலம், மாரித் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பவை காணி பிரிக்கிற அன்றைக்கே முடிவாகிவிடும்.

ஒரு ஏக்கர் காணிக்குள் 6 மீற்றர் அகலத்தில் 100 மீற்றர் ஒழுங்கை விட்டால் 600 சதுர மீற்றர் போகும். ஏறத்தாழ 24 பேர்ச்சஸ். பத்துப் பேர்ச்சஸ் ஒரு பரப்பு என்பதால், இரண்டரைப் பரப்புக்குக் கொஞ்சம் குறைவு. விற்பவருக்கு மனம் வராதுதான். 3 மீற்றராகச் சுருக்கினால் ஒரு பரப்புக்கு மேல் மிஞ்சும். ஆனால் லொறியின் அகலமே இரண்டரை மீற்றர். எதிரே மோட்டார் சைக்கிள் வந்தாலும் ஒன்று பின்னுக்குப் போகவேண்டும். மின்கம்பம் நட்டு, இருபக்கமும் மதில் எழுந்தபின் தீயணைப்பு வண்டி திரும்ப வழியில்லை. மதில் எழுந்த ஒழுங்கையை அகலமாக்கிய உள்ளூராட்சி சபையைக் காண்பது அருமை.

இதைத் தடுக்கத்தான் உபபிரிவிடல் அனுமதி, அதாவது காணியைத் துண்டுகளாகப் பிரிக்க எடுக்கவேண்டிய அனுமதி. நகர அபிவிருத்தி அதிகார சபையின் பிரகடனத்துக்கு உட்பட்ட இடங்களில் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டமும் அதன் ஒழுங்குவிதிகளும் செல்லும். மற்ற இடங்களில் பெரும்பாலும் 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம்தான். எதுவானாலும் விண்ணப்பம் சாதாரணமாக உள்ளூராட்சி சபைக்குப் போகும். கிளிநொச்சி நகரமென்றால் கரைச்சிப் பிரதேச சபை.

அனுமதியில் இரண்டு கோடுகள் வரும். வீதிக்கோடு, நாளை வீதி வரப்போகும் எல்லை. கட்டடக்கோடு, அதற்கும் உள்ளே, கட்டடம் தாண்டக்கூடாத எல்லை. இடையிலுள்ள நிலம் உங்களுடையதுதான், ஆனால் நிரந்தரமாக எதையும் எழுப்ப முடியாது. பலர் காப்பெற் விளிம்பிலிருந்து நாடா பிடிக்கிறார்கள். அது பிழை. காப்பெற் ஒருபக்கம் சரிந்து போடப்பட்டிருக்கலாம். வீதியின் நடுக்கோட்டை நில அளவைப் படத்தில் பார்த்து அளக்கவேண்டும். ஒரு கடைக்காரர் முன் தாழ்வாரப் பத்தியை ஒரு மீற்றர் முன்னுக்கு இறக்கினால் பக்கத்துக் கடையும் இறங்கும். நடைபாதை போய்விடும், சனம் வீதியில் நடக்கும்.

சந்தி மூலைக் காணியில் மூலையைச் சரித்து வெட்டச் சொல்வார்கள். 3 மீற்றருக்கு 3 மீற்றர் வெட்டினால் போவது 4.5 சதுர மீற்றர், ஒரு பேர்ச்சஸின் ஐந்தில் ஒரு பங்கும் இல்லை. இதற்குப் போய்ச் சண்டை பிடிப்பவர்களும் இருக்கிறார்கள்! அந்த முக்கோணம் இருந்தால்தான் திரும்பும் வாகனத்துக்கு எதிரே வருவது தெரியும்.

வன்னி தட்டை நிலம். 250க்கு 1 சரிவில் வடிகால் வெட்டினால் 100 மீற்றருக்கு 40 சென்ரிமீற்றர்தான் இறக்கம். நடுவில் ஒருவர் வாசலுக்குக் குழாயைக் கொஞ்சம் மேலே புதைத்தால் மேல்பக்கம் முழுக்கத் தண்ணீர் நிற்கும். வாசல் மதகின் அடிமட்டத்தைச் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் குறித்துத் தந்தபின் கொங்கிறீற் போடுங்கள். வயலை நிரவுவதானால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி வேறாக வேண்டும். குளத்தைச் சுற்றி ஒதுக்கிய நிலமான குள ஒதுக்கீட்டில் கைவைக்கவே கூடாது.

எந்த இடத்தை எதற்குப் பாவிக்கலாம் என்று பிரிக்கும் பயன்பாட்டு வலயமும் வீதியைக் காக்கிறது. அரிசி ஆலையும் மரக்காலையும் குடியிருப்பு ஒழுங்கைக்குள் வந்தால் நெல் லொறி மாதக்கணக்கில் கிறவலைக் கிண்டும்.

இங்கே பெரிய சிக்கல், அரசாங்கம் உத்தரவுப் பத்திரத்தில் கொடுத்த காணி. பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சில் பிரித்து, “இதால பாதை விடு” என்று முடிப்பார்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி பிரதேச செயலாளரின் அனுமதியில்லாமல் அந்தப் பிரிப்புச் செல்லாது. பாதை படத்திலும் ஏறாது. சபைக்குப் பாரம் கொடுக்காத பாதைக்குக் கிறவல் போடவோ விளக்குப் பூட்டவோ சபை முன்வராது.

ஆகவே முற்பணம் கொடுக்குமுன் வீதிக்கோட்டுச் சான்றிதழை எடுங்கள். ஏ தர வீதியோரம் என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் கேளுங்கள். ஒழுங்கை தனித் துண்டாகப் படத்தில் இலக்கமிட்டிருக்கிறதா, அது சபையின் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நாடாவோடு போய், படத்திலுள்ள அகலம் நிலத்திலும் இருக்கிறதா என்று இரண்டு முனையிலும் அளந்துவிடுங்கள்.