மின்மினியின் கண்ணில் கால்சியம் செய்யும் வேலை

பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பூச்சிக் கட்டுப்பாடு குறித்து ஆலோசனை சொல்வது என் தொழில். அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "விளக்கை அணைத்துவிட்டோமே, அந்துப்பூச்சி இன்னும் ஏன் சுவரைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது?" அதன் கண் இன்னும் இரவு நிலைக்குத் திரும்பவில்லை என்பதையே நான் முதலில் விளக்குவேன். அந்தத் திரும்புதலைப் புரிந்துகொள்ள, பூச்சியின் கண்ணுக்குள் கால்சியம் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதில் மிக நன்றாக ஆராயப்பட்டது பழ ஈயின் கண்தான். அதன் ஒவ்வொரு கூட்டுக்கண்ணிலும் ஏறத்தாழ 750 சிறுகண்களும், ஒவ்வொரு சிறுகண்ணிலும் 8 ஒளியுணர் செல்களும் உள்ளன. ஒளியுணர் செல்லின் ஒரு பக்கம் முழுவதும் பல்லாயிரம் நுண்நீட்சிகளாக நீண்டிருக்க, அவற்றிலுள்ள ரொடாப்சின் எனும் ஒளியுணர் புரதம் ஓர் ஒளித்துகளைப் பிடித்ததும், அடுத்தடுத்த வேதிவினைகளின் முடிவில் செல்சவ்வில் அயனிகள் நுழையும் வழிகளாக உள்ள டிஆர்பி எனும் வாய்க்கால்கள் திறந்து, கால்சியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன. இருளில் மிகக் குறைவாக இருந்த கால்சியம், கடும் ஒளியில் நுண்நீட்சிகளுக்குள் நூறு மடங்குக்கும் மேலாக உயர்கிறது. முதலில் நுழையும் சிறிதளவு கால்சியம் வாய்க்கால்கள் திறப்பதை விரைவுபடுத்துகிறது. தொடர்ந்து பெருகும் கால்சியமோ அதே வாய்க்கால்களையும் அவற்றைத் தூண்டிய வினைகளையும் அடக்குகிறது. இதனால்தான் இருளில் ஒற்றை ஒளித்துகளைக்கூட உணரும் செல், நண்பகல் வெயிலிலும் திணறாமல் வேலை செய்கிறது.

இந்த வாய்க்காலின் கதை 1969இல் ஒரு குறையுள்ள ஈயிலிருந்து தொடங்கியது. காசன்ஸ், மேனிங் ஆகிய இரு ஆய்வாளர்கள் விவரித்த அந்தப் பழ ஈ, மங்கலான ஒளியில் இயல்பாக நடந்துகொண்டாலும், கடும் ஒளி நீடித்தால் பார்வையற்றதுபோல் ஆகிவிடும். 1989இல் மான்டெல்லும் ரூபினும் அதற்குக் காரணமான மரபணுவைப் பிரித்தறிந்தனர். மிளகாயின் காரத்தை நம் நாக்கு உணர்வதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வாய்க்காலால்தான். அதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஓர் ஈயின் குறைபாட்டை ஆராய்வது வீண் வேலை என்று நினைப்பவர்களுக்கு இதை நான் தவறாமல் சொல்வதுண்டு.

கால்சியமே கண்ணின் உணர்திறனைக் குறைக்கிறது என்பதற்கான நேரடிச் சான்று, நம் கரையோரங்களில் பெலாங்காஸ் என்று அழைக்கப்படும் குதிரைலாட நண்டின் அமெரிக்க உறவினத்திடமிருந்து 1972இல் கிடைத்தது. அதன் ஒளியுணர் செல்லுக்குள் லிஸ்மனும் பிரவுனும் கால்சியத்தைச் செலுத்தியபோது, ஒளிக்கு அச்செல் காட்டும் எதிர்வினை குறைந்தது. மனிதக் கண்ணில் நடப்பது இதற்கு நேர்மாறானது: ஒளி பட்டதும் ஒளியுணர் செல்களில் கால்சியம் குறைகிறது, அந்தக் குறைவே கண்ணை ஒளிக்குப் பழக்குகிறது. ஆகவே பூச்சிக் கண்ணைப் பற்றிய இச்செய்தியை வைத்துக் கண்பார்வைக்காகக் கால்சியம் மாத்திரை வாங்க வேண்டாம்.

ஈயின் கண்ணில் கால்சியத்துக்கு இன்னொரு பணியும் உண்டு. ஒளியுணர் செல்லுக்குள் சிதறிக் கிடக்கும் நிறமித் துகள்கள், கால்சியம் உயர்ந்ததும் சில நொடிகளில் நுண்நீட்சிகளை ஒட்டி வந்து குவிந்து, சன்னல் திரைபோல் மிகுதி ஒளியைத் தடுக்கின்றன. அந்துப்பூச்சி, மின்மினி ஆகியவற்றின் கண் வேறு வகையானது. பல வில்லைகளின் வழியே வரும் ஒளி ஒரே இடத்தில் குவிவதால் அது மிக மங்கலான ஒளியிலும் நன்றாகப் பார்க்கும். மின்மினியின் கண்ணைக் கொண்டு 1891இல் எக்ஸ்னர் எனும் ஆஸ்திரிய உடலியலாளர் இதை விளக்கினார். இவற்றில் தனியே உள்ள நிறமிச் செல்களின் துகள்கள் ஒளியில் கீழிறங்கி, அந்தக் குவிப்பைத் துண்டிக்கின்றன. விளக்கை அணைத்ததும் ஒளியுணர் செல்கள் தம் கால்சியத்தை விரைவில் வெளியேற்றிவிடுகின்றன. ஆனால் இந்த நிறமி பழைய இடத்துக்குத் திரும்பப் பல நிமிடங்கள் பிடிக்கும். அதுவரை அப்பூச்சிக்கு இரவுப் பார்வை முழுமையாக இராது.

நிபோங் திபாலில் கெரியான் ஆற்றுக்கு மின்மினி பார்க்கப் போகும் குடும்பங்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். ஆண் மின்மினியும் பெண் மின்மினியும் ஒன்றையொன்று அறிவது ஒளிச்சைகையால். அதைக் காணும் கண்ணையே நாம் மழுங்கடிக்கிறோம். ஒரு முறை படும் கைப்பேசி ஒளியிலிருந்து அக்கண் விரைவில் மீளக்கூடும். படகில் உள்ள அனைவரும் மாறிமாறி ஒளி பாய்ச்சும்போது, அடுத்த படகும் அதையே செய்யும்போது, மீள்வதற்கு இடைவெளியே கிடைப்பதில்லை. கைவிளக்கைப் படகுத்துறையில் ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும் தரையை நோக்கிப் பிடியுங்கள். கைப்பேசியின் ஃபிளாஷை வீட்டிலிருந்து கிளம்பும்போதே அணைத்துவிடுங்கள். வீட்டு வாசலுக்கு, ஒளி கீழே மட்டும் விழும்படி மூடியிட்ட இளமஞ்சள் விளக்கு போதும். நீலமும் புற ஊதாவும் குறைந்த ஒளியை நாடி வரும் பூச்சிகள் குறைவு என்பதால், மருந்து அடிக்கும் செலவும் குறையும்.