டௌவர் என்பது சீதனம் அல்ல, கைம்மைப் பங்கு

இடைக்கால இங்கிலாந்தின் நிலக்கிழார் குடும்பம் ஒன்றின் திருமணங்களையும் அதற்கு வந்து சேர்ந்த நிலங்களையும் தேடிப் போகிறவர் முதல் நாளிலேயே சந்திக்கும் சொல் டௌவர். ஏறத்தாழ இதே ஒலியில் நமக்கு நன்றாகப் பழகிய இன்னொரு சொல் இருக்கிறது: டௌரி. அந்தப் பழக்கத்தில் டௌவருக்கும் சீதனம், வரதட்சணை என்று எழுதிவிடத் தோன்றும். அப்படி எழுதினால் நிலம் வந்த திசையே தலைகீழாகிவிடும்.

சீதனம் பெண்ணின் பிறந்த வீட்டிலிருந்து வருவது. டௌவர் கணவனின் நிலத்திலிருந்து வருவது, அதுவும் அவன் இறந்த பிறகு. பொதுச் சட்டப்படி அவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கைம்பெண் தன் ஆயுள் முடியும்வரை அனுபவிப்பாள். விற்க முடியாது, பிறருக்கு எழுதி வைக்கவும் முடியாது. அவள் கண் மூடியதும் அது கணவனின் வாரிசுக்குத் திரும்பும். மறுமணம் செய்துகொண்டாலும் பங்கு போகாது. கெண்ட் மாவட்டத்து கேவல்கைண்ட் என்ற நிலவுரிமை வழக்கம் மட்டும் வேறு. அங்கே பங்கு பாதி, ஆனால் மறுமணம் செய்தால் அது போய்விடும்.

குழப்பம் சொல்லின் வேரிலேயே தொடங்குகிறது. லத்தீனில் 'தாரே' என்றால் கொடுத்தல். அதிலிருந்து 'டோஸ்' பிறந்தது. ரோமானியச் சட்டத்தில் டோஸ் என்பது பெண்ணோடு மணமகன் வீட்டுக்குப் போகும் பொருள், அதாவது நம் சீதனம். இடைக்கால லத்தீனின் 'டோட்டாரியும்', பழைய பிரெஞ்சின் 'துவேர்' வழியாக ஆங்கிலத்துக்கு டௌவர் வந்தது. டௌரியும் அதே வேரில் கிளைத்ததுதான். கிளான்வில் பெயரால் வழங்கும், 1187க்கும் 1189க்கும் இடைப்பட்ட சட்டநூலே இந்தச் சிக்கலை எடுத்துச் சொல்கிறது: டோஸ் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு, இங்கிலாந்தில் பொதுவழக்கில் அது தேவாலய வாசலில் மணமகன் மணமகளுக்கு அளிப்பது, ரோமானியர் டோஸ் என்றதை இங்கே 'மாரிட்டேஜியும்' என்பார்கள். ஆகவே ஆங்கில ஆவணத்தில் டோஸ் என்று கண்டால், லத்தீன் அகராதி முதலில் தரும் பொருளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 'நோமினே டோட்டிஸ்', அதாவது 'டோஸ் என்ற பெயரில்' என்ற தொடர் கைம்மைப் பங்கையே குறிக்கிறது.

மாரிட்டேஜியத்துக்குத் தமிழில் ஓர் அழகான சொல் ஏற்கெனவே இருக்கிறது: மஞ்சள்காணி. மகளுக்கு மஞ்சள் செலவுக்கென்று பிறந்த வீட்டார் கொடுக்கும் நிலம் அது. மாரிட்டேஜியமும் மகளோடு போகும் நிலமே. ஆகவே சீதனம், மஞ்சள்காணி ஆகிய இரண்டையும் மாரிட்டேஜியத்துக்கு ஒதுக்கிவிட்டு, டௌவருக்குக் 'கைம்மைப் பங்கு' என்று எழுதலாம். யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதில் முதல் இரண்டையும் 'கைம்மை' சொல்லிவிடுகிறது. மூன்றாவதற்குப் 'பங்கு' இருக்கிறது. ஜீவனாம்சம் என்பது பொருந்தாது. இன்றைய வழக்கில் அது மாதாமாதம் வரும் பணம். டௌவரோ எல்லை வகுத்துக் கையில் கொடுக்கப்படும் நிலம். இந்தியச் சட்டநூல்கள் இஸ்லாமிய மணக்கொடையான மஹரையும் டௌவர் என்றே எழுதுகின்றன. அந்த இடத்தில் மட்டும் மஹர் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஒலிபெயர்க்கும்போது 'டவர்' என்று எழுதினால் கோபுரமாகிவிடும் என்பதால் 'டௌவர்' நல்லது.

பங்கு கைக்கு வரும் முறையைத் தெரிந்துகொண்டால்தான் ஆவணம் புரியும். 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டாவில் ஏழாவது பிரிவு, கைம்பெண் கணவன் வீட்டில் 40 நாள் தங்கலாம், அதற்குள் பங்கைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்கிறது. 1217ஆம் ஆண்டு மறுவெளியீடு, கணவன் வாழ்நாளில் வைத்திருந்த நிலம் எல்லாவற்றிலும் மூன்றில் ஒன்று என்று அளவைச் சொல்கிறது. கணவன் அரசரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றவன் என்றால், அரசரின் அனுமதியில்லாமல் மறுமணம் செய்யமாட்டேன் என்று அவள் சத்தியம் செய்த பிறகு, எஸ்சீட்டர் என்ற அரசு அதிகாரி பங்கை ஒதுக்குவார். மற்றவர்களுக்கு வாரிசே ஒதுக்க வேண்டும், மறுத்தால் வழக்கு. ஒதுக்கீடு நான்கெல்லை வகுத்து நடக்கும். வீட்டில் இந்த அறை, களஞ்சியத்தில் இந்தப் பக்கம் என்று வரும். பிரிக்க முடியாததை முறை வைத்துக் கொடுப்பார்கள்: தேவாலயத்துக்குப் பாதிரியாரை முன்மொழியும் உரிமை என்றால், மூன்று முறைக்கு ஒரு முறை அவளுடையது. 1236ஆம் ஆண்டின் மெர்ட்டன் சட்டம், பங்கு நிலத்தில் நிற்கும் பயிரை உயில் எழுத அவளுக்கு உரிமை தந்தது. பங்கை இழக்கும் வழிகளும் உண்டு. கணவன் இறக்கும்போது அவளுக்கு ஒன்பது வயது நிரம்பியிருக்க வேண்டும். வேறொருவனோடு ஓடிப்போய் வாழ்ந்து, கணவன் மன்னித்து ஏற்காவிட்டால், 1285ஆம் ஆண்டின் இரண்டாம் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டப்படி பங்கு இல்லை.

ஒரே நிலத்தில் இரண்டு கைம்பெண்கள் இருந்தால் கணக்கு மாறும். ஆண்டுக்கு 36 பவுன் வருமானமுள்ள ஒரு மேனர், அதாவது நிலக்கிழாரின் பண்ணை, என்று வைத்துக்கொள்வோம். தாத்தா இறந்ததும் பாட்டிக்கு 12 பவுன் நிலம் போகிறது. பாட்டி இருக்கும்போதே தந்தையும் இறந்தால், தாய்க்கு 36இல் மூன்றில் ஒன்று கிடைக்காது; மிஞ்சிய 24இல் மூன்றில் ஒன்றான 8தான். பங்கிலிருந்து பங்கு கேட்கக் கூடாது என்பது அக்காலச் சட்டமொழி. மகன் கையில் 16 பவுன், அதாவது ஒன்பதில் நான்கு. பாட்டி இறந்தால் அந்த 12ம் நேரே மகனுக்கே. ஆவணத்தில் ஒன்பதில் இரண்டு, ஒன்பதில் நான்கு என்று பின்னம் வந்தால், பல சகோதரிகளுக்கு நிலம் பிரிந்தது என்று முடிவு செய்யும் முன் இரண்டு கைம்பெண்களைத் தேடிப் பாருங்கள்.

நீண்ட ஆயுள் குடும்பத்தையே எப்படி முடக்கும் என்பதற்கு நார்ஃபோக் கோமாட்டி கேத்தரின் நெவில் சான்று. கணவர் ஜான் மோபிரே 1432இல் இறந்தார். கேத்தரின் கைம்மைப் பங்கோடும் மணவொப்பந்த நிலத்தோடும் 1483 வரை இருந்தார். மகன் 1461இலும், பேரன் 1476இலும், கொள்ளுப்பேத்தி ஆன் 1481இலும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். மூன்று தலைமுறையும் தங்கள் நிலத்தை முழுமையாகக் காணவில்லை.

மணவொப்பந்த நிலம் என்றது ஜாய்ன்ச்சர். இதை டௌவரோடு கலக்கக் கூடாது. திருமணப் பேச்சின்போதே குறிப்பிட்ட மேனரைக் கணவன், மனைவி இருவர் பேரிலும் எழுதிவிடுவார்கள். மிஞ்சியிருப்பவர் முழுவதையும் அனுபவிப்பார். 'இணையர் நிலம்' எனலாம். அறங்காவலர் பேரில் வைத்த நிலத்தில் டௌவர் கிடையாது என்பதால் இது பெருகியது. அப்படி அறங்காவலர் பேரில் வைத்த நிலத்தைப் பற்றிய 1536ஆம் ஆண்டின் யூசஸ் சட்டத்துக்குப் பின், திருமணத்துக்கு முன்பே இணையர் நிலம் பெற்றவள் கைம்மைப் பங்கு கேட்க முடியாது.

நார்ஃபோக்கின் பாஸ்டன் குடும்பத்தில் இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பார்க்கலாம். நீதிபதி வில்லியம் பாஸ்டன் 1420இல் ஹார்ட்ஃபோர்ட்ஷயர்க்காரரான சர் எட்மண்ட் பெரியின் மகள் ஆக்னஸை மணந்தார். ஆக்னஸ் தந்தையின் வாரிசு. மார்லிங்ஃபோர்ட், ஸ்டான்ஸ்டெட், ஆர்வெல்பெரி ஆகியவை அவருக்குத் தந்தைவழி வந்தவை. ஆக்ஸ்னெட் மட்டும் வில்லியமின் பக்கத்திலிருந்து இணையர் நிலமாக எழுதப்பட்டது. வில்லியம் 1444இல் இறந்தார். ஆக்னஸ் 1479 வரை வாழ்ந்தார். மூத்த மகன் ஜான் 1466இலேயே இறந்துவிட்டதால் தாயின் நிலம் அவர் கைக்கு வரவே இல்லை. நான்கு மேனரும் ஒரே கிழவியின் கையில் 35 ஆண்டுகள் இருந்ததைப் பார்த்து, எல்லாம் சீதனம் என்று எழுதினால் ஆக்ஸ்னெட் பெரி குடும்பச் சொத்தாகிவிடும். எல்லாம் டௌவர் என்று எழுதினால் மற்ற மூன்றும் பாஸ்டன்களின் பூர்வீகச் சொத்தாகிவிடும். அவர் இறந்ததும் அந்த நிலங்களுக்காக அவருடைய இளைய மகனும் பேரனும் மோதிக்கொண்டதன் காரணமும் புரியாமல் போகும்.

தேடுகிறவர் அதிகம் தவறுவது இரண்டு இடங்களில். ஒன்று, இரண்டாம் கணவன். கைம்பெண் மறுமணம் செய்ததும் அவள் பங்கு நிலத்துக்கு 1316, 1346, 1428ஆம் ஆண்டுகளின் நிலவுடைமையாளர் பட்டியல்களில் புதுக் கணவன் பெயர் ஏறிவிடும். அவனுக்கு அங்கே ரத்த உரிமை கிடையாது. அவள் இறந்ததும் பெயர் மறைந்து முதல் கணவனின் மகன் பெயர் வரும். இதை விற்பனை என்றோ பறிப்பு என்றோ எழுதிவிடுகிறார்கள். கைம்பெண்ணின் மரணத்துக்குப் பின் எஸ்சீட்டர் நடத்திய ஜூரி விசாரணையின் பதிவைத் தேடி எடுத்தால், எது பங்கு, யாருடைய வாரிசுரிமை என்று அதிலேயே இருக்கும்.

மற்றது, நிலம் கைமாறும்போது நீதிமன்றத்தில் பதிந்த இறுதி உடன்படிக்கைகள். 1195 முதல் ஒரே தோலில் மூன்று முறை எழுதி, வளைவாக வெட்டி, அடிப்பகுதியை அரசுக் கருவூலத்தில் வைத்தார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து விற்றிருந்தால் நிலம் மனைவியுடையது என்று எண்ணத் தோன்றும். அப்படி இருக்க வேண்டியதில்லை. கணவன் தனியாக விற்ற நிலத்திலும் அவன் இறந்த பின் அவள் மூன்றில் ஒன்று கேட்கலாம் என்பதால், வாங்குகிறவர் அவளையும் சேர்க்கச் சொல்வார். நீதிபதி அவளைத் தனியே விசாரித்துச் சம்மதம் கேட்பார். ஆகவே வாங்குகிறவரின் உரிமைக்கு விற்பவர்கள் உத்தரவாதம் தரும் வரியைப் படியுங்கள். 'மனைவியின் வாரிசுகளுக்காக' என்று இருந்தால் நிலம் பெரும்பாலும் அவள் பிறந்த வீட்டுடையது. 'கணவனின் வாரிசுகளுக்காக' என்றால் அவள் தன் கைம்மைப் பங்கை விட்டுக்கொடுக்க மட்டுமே அங்கே நின்றிருக்கிறாள்.

டௌவேஜர் என்ற சொல்லும் இதே குடும்பம்தான். இன்று பட்டமுள்ள வயதான சீமாட்டி என்று மட்டுமே அது ஒலிக்கிறது. முதலில் அது, கணவன் நிலத்தில் கைம்மைப் பங்கு பெற்றவள் என்பதே. இங்கிலாந்தில் டௌவர் உரிமை 1925ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நீங்கியது.