பாவசங்கீர்த்தனமா, ஒப்புரவா?

தவக்காலம் தொடங்கிவிட்டால் பங்கு அறிவிப்பில் ஒரு வரி தவறாமல் வரும்: வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் ஒப்புரவு அருளடையாளம் வழங்கப்படும். அதைக் கேட்டுவிட்டு வெளியே வரும் அம்மாமார் பேசிக்கொள்வது வேறு மாதிரி இருக்கும். "இந்த வாரமே பாவசங்கீர்த்தனம் பண்ணிரணும், குருத்து ஞாயிறு வந்துட்டா கூட்டமாயிரும்." அவர்களுடைய பிள்ளைகள் 'கன்ஃபெஷன்' என்பார்கள். செய்தித்தாளும் சினிமாவும் 'பாவமன்னிப்பு' என்று எழுதும். பழைய மறைக்கல்வி நூலான ஞானோபதேசத்தைப் பிரித்தால் அங்கே இருப்பது 'பச்சாத்தாபம்'. பாவங்களைக் குருவிடம் சொல்லி மன்னிப்புப் பெறும் ஒரே அருளடையாளத்துக்கு (திருச்சபையின் புனிதச் சடங்குக்கு) இத்தனை பெயர்கள். இவற்றில் எது சரி என்று கேட்பதைவிட, எந்தப் பெயர் எதைச் சொல்கிறது என்று பார்ப்பதுதான் பயன்.

இவற்றுக்கெல்லாம் முந்திய பெயர் ஒன்றும் உண்டு. தமிழகத்தின் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பணி செய்த போர்த்துக்கீசியக் குரு ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார் 1580இல் கொச்சியில் தமிழில் ஒரு நூலை அச்சிட்டார். பாவங்களை எப்படி ஆராய்ந்து குருவிடம் சொல்வது என்று கற்றுத்தரும் அந்த நூலின் பெயர் 'கொம்பெசியோனாயரு'. போர்த்துக்கீசியச் சொல்லைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதியதுதான் அது. மலையாளத்தில் இன்றும் 'கும்பசாரம்' என்று வழங்குவது அதே போர்த்துக்கீசிய வேரிலிருந்து வந்தது. தமிழில் அது நிலைக்கவில்லை. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியக் குரு நொபிலி அடிகளார் மேற்கத்திய ஒலிகளை விட்டுவிட்டு, அன்றைய கற்றோர் மதித்த வடமொழியிலிருந்து சமயச் சொற்களை ஆக்கும் வழியைத் திறந்துவிட்டார். பாவசங்கீர்த்தனம், பச்சாத்தாபம், ஞானஸ்நானம் எல்லாம் அந்த மரபின் சொற்கள். இளைஞர்கள் இன்று 'கன்ஃபெஷன்' என்னும்போது, நானூறு வருடத்துக்கு முன் கழற்றிவிட்ட ஐரோப்பிய ஒலி ஆங்கிலம் வழியாகத் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது.

பாவசங்கீர்த்தனம் என்பதில் 'கீர்த்தனம்' என்றால் எடுத்துச் சொல்லுதல். 'சம்' என்ற முன்னொட்டு 'முழுமையாக' என்ற பொருளைச் சேர்க்கிறது. ஆக, பாவங்களை ஒன்றுவிடாமல் எடுத்துச் சொல்லுதல். 1551இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்தீன் பொதுச்சங்கம், சாவான (மிகக் கனமான) பாவங்களை வகையும் எண்ணிக்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று வரையறுத்தது. அதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிற சொல்தான் இது. ஆனால் கீர்த்தனம் என்றதும் தமிழ்க் காதுக்கு வேறொன்றும் கேட்கும். கீர்த்தனை என்றால் இறைவனைப் புகழ்ந்து பாடுவது அல்லவா? பாவத்துக்கு எதற்குக் கீர்த்தனை என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கோ இந்தச் சொல்லின் அழகே அதில்தான் இருக்கிறது. லத்தீனில் 'கொன்ஃபேஸ்ஸியோ' என்ற சொல்லுக்கும் இதே இரண்டு பொருள்: குற்றத்தை அறிக்கையிடுவது, இறைவனைப் போற்றுவது. புனித அகுஸ்தீனார் தம் பாவ வாழ்க்கையை எழுதிய நூலுக்கு அந்தச் சொல்லைத் தலைப்பாக்கியபோது இரண்டையும் மனத்தில் வைத்தே செய்தார். தன் இழிவைச் சொல்லச் சொல்ல, தன்னைத் தாங்கிய இரக்கத்தின் புகழும் கூடவே வந்துவிடுகிறது. இந்த லத்தீன் இரட்டைப் பொருளைக் கிட்டத்தட்ட முழுசாகத் தாங்குகிற ஒரு சொல் பழைய தமிழ்க் கத்தோலிக்கரின் வாயில் இருந்தது. அதைப் பழங்காலத்துச் சமஸ்கிருதம் என்று ஒரேயடியாக ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

குறை இல்லாமலும் இல்லை. ஞானோபதேசம் நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் வேண்டும் என்று கற்பித்தது: பாவங்களை நினைவுக்குக் கொண்டுவருவது, மனஸ்தாபப்படுவது, இனிப் பாவம் செய்வதில்லை என்று உறுதி எடுப்பது, குருவிடம் சொல்வது, அவர் விதிக்கும் அபராதத்தைத் தீர்ப்பது. ஐந்தில் நான்காவதின் பெயர் முழுவதற்கும் பெயராகிப் போனது. அதனால் சொல்வதுதான் காரியம், சரியாகச் சொல்லிவிட்டால் போதும் என்ற எண்ணம் மக்களிடம் ஊறிவிட்டது. சின்ன வயதில் தொட்டிக்கு முன்னால் வரிசையில் நின்றவர்களுக்கு இது தெரியும். எதையாவது விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் உதட்டுக்குள்ளேயே பட்டியலைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பார்கள். (பாவசங்கீர்த்தனத் தொட்டி என்பது, குருவானவர் உள்ளே அமர, பக்கத்தில் மண்டியிட்டு வலைத்தடுப்பு வழியே பேசும் அந்த மரப்பெட்டி. 'பாவமன்னிப்புக் கூண்டு' என்று வெளியே எழுதுகிறார்கள். குற்றவாளிக் கூண்டை நினைவூட்டும் அந்தப் பெயர் பங்குகளில் வழங்குவதில்லை. வழங்காமல் இருப்பதே நல்லது.)

பச்சாத்தாபத்துக்கு வருவோம். 'பஸ்சாத்' என்றால் பிறகு, 'தாபம்' என்றால் வெம்மை. செய்து முடித்த பிறகு நெஞ்சு சுடுவது. ஏழு 'தேவதிரவிய அநுமானங்களை' (அருளடையாளங்களின் பழைய பெயர்) மனப்பாடமாகச் சொன்ன தலைமுறைக்கு இதுவே இந்த அருளடையாளத்தின் முறையான பெயர். பாவத்துக்கு வருந்திச் சொல்லும் உத்தம மனஸ்தாப மந்திரத்தில் 'மனம் நொந்து' என்று வருவதும் இந்தச் சூட்டைத்தான். ஏனோ பேச்சுவழக்கில் இது வேரூன்றவில்லை.

பாவமன்னிப்பு என்பது கிடைக்கும் பலனின் பெயர். அதையே சடங்குக்குப் பெயராக்குவது பிழை என்று சொல்ல முடியாது, ஆனால் குறைவு. இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தமிழில் பாவம் என்ற சொல்லுக்கே இரண்டு முகம். குற்றத்தையும் பாவம் என்கிறோம். இரங்கத்தக்க ஒருவரைப் பார்த்தால் "ஐயோ பாவம்" என்கிறோம். பாவியைக் கடவுள் எப்படிப் பார்க்கிறார் என்று நற்செய்தி சொல்வது ஏறக்குறைய அந்த இரண்டாவது குரலில்தான்.

லூக்கா 15ஆம் அதிகாரத்தில் வீட்டை விட்டுப் போன இளைய மகனைப் பாருங்கள். பன்றி மேய்க்கும் இடத்திலேயே அவன் தன் பாவசங்கீர்த்தனத்தைத் தயார் செய்துவிடுகிறான். மூன்று பகுதி: கடவுளுக்கும் உமக்கும் எதிராகப் பாவம் செய்தேன், உம் மகன் எனப்படத் தகுதியற்றவன், உம் கூலியாள்களில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். வழியெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டு வந்திருப்பான். தொலைவில் வரும்போதே கண்டுகொண்ட தந்தை ஓடிப்போய்க் கட்டித் தழுவி முத்தமிடுகிறார். மகன் வாய் திறக்கும் முன்பே இது நடந்துவிடுகிறது. அப்புறம் அவன் சொல்லத் தொடங்குகிறான். முதல் பகுதி சொல்கிறான், இரண்டாவதும் சொல்கிறான். மூன்றாவது, அந்தக் கூலியாள் கதை, வெளியே வரவே இல்லை. தந்தை அதற்குள் பணியாளர்களைக் கூப்பிட்டு, ஆடை கொண்டுவாருங்கள், மோதிரம் போடுங்கள், மிதியடி அணிவியுங்கள் என்று ஆரம்பித்துவிட்டார். பட்டியல் முடியவில்லை, உறவு திரும்பிவிட்டது. இந்தக் காட்சிக்குப் பெயர் வைக்கச் சொன்னால் பாவசங்கீர்த்தனம் என்ற சொல் மகனோடு நின்றுவிடும். தந்தை செய்ததற்கு வேறு சொல் வேண்டும்.

அந்தச் சொல்தான் ஒப்புரவு. 1960களில் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் இந்தச் சடங்கைப் புதுப்பிக்கக் கேட்டுக்கொள்ள, 1973 டிசம்பரில் புதிய முறை வந்தது. இறைவார்த்தை வாசிப்பு சேர்ந்தது. முகத்துக்கு முகம் அமர்ந்து பேசவும் வழி கிடைத்தது. குரு சொல்லும் மன்னிப்பு வாய்பாடு, இரக்கத்தின் தந்தையாகிய கடவுள் தம் மகனின் இறப்பாலும் உயிர்ப்பாலும் உலகைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்று தொடங்கலாயிற்று. பேச்சைத் தொடங்குகிறவர் கடவுள். பாவி அதற்குப் பதில் சொல்லுகிறவர்.

சொல் ஒன்றும் புதிதல்ல. திருக்குறளில் 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். அங்கே அதன் பொருள், உலகோடு ஒத்து வாழும் முறையறிந்து கைம்மாறு கருதாமல் உதவுவது. "கைம்மாறு வேண்டா கடப்பாடு மாரிமாட்டு என்னாற்றுங் கொல்லோ உலகு" என்பது முதல் குறள். மழைக்கு உலகம் என்ன திருப்பிச் செய்துவிட முடியும்? இறை இரக்கத்தைப் பற்றிய மறையுரைக்கு இதைவிடப் பொருத்தமான வரி கிடைப்பது கடினம். வள்ளுவர் சொன்னது மனிதருக்கு மனிதர் செய்வது என்பதையும் மறக்கக்கூடாது. அதைக் கிறிஸ்தவக் கருத்தாக வளைக்க வேண்டியதில்லை. பகை தீர்ந்து இணங்குதல் என்ற பொருளில் இச்சொல்லைப் பரவலாக்கியது சீர்திருத்தச் (புராட்டஸ்டன்ட்) சபைகளின் பழைய தமிழ் விவிலியம். "முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி" என்று மத்தேயுவிலும், "தேவனோடே ஒப்புரவாகுங்கள்" என்று பவுலின் கடிதத்திலும் வரும். கத்தோலிக்கர் பின்னால் எடுத்துக்கொண்டார்கள். நாட்டுக்குள் இனங்கள் இணங்குவதற்கு 'நல்லிணக்கம்' என்ற சொல் நிலைத்துவிட்டது, இலங்கையில் குறிப்பாக. கடவுளோடும் சபையோடும் உறவு சேர்வதற்கு ஒப்புரவு.

'ஒப்பு' என்ற அடியைக் கொஞ்சம் கவனித்தால் இன்னொன்று தெரியும். குற்றத்தை ஒப்புக்கொள்ளுகிறோம். திருப்பலியில் நம்மை ஒப்புக்கொடுக்கிறோம். ஒப்புரவாகிறோம். மூன்றும் ஒரே அடியில் முளைத்தவை. பாவத்தைச் சொல்வதையும் உறவு சேர்வதையும் ஒரே வேரில் வைத்திருக்கும் வசதி வடசொல்லில் இல்லை.

பெரியவர்கள் சிலர் வருந்துவது எனக்குப் புரிகிறது. புதிய பெயரில் பாவம் என்ற சொல்லே காணோம், அதோடு பாவ உணர்வும் போய்விட்டது என்கிறார்கள். நன்மை (நற்கருணை) வாங்க வரிசை நீளமாகவும், ஒப்புரவுக்கு வரிசை குட்டையாகவும் இருப்பதைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் வரிசை குறைந்ததற்குச் சொல்லைக் குறைசொல்ல முடியாது. 2013 மார்ச் 17இல், திருத்தந்தையான பின் தம் முதல் மூவேளைச் செப உரையில் பிரான்சிஸ் சொன்னது இதற்கு நேரான பதில்: மன்னிப்பதில் கடவுள் சோர்ந்துபோவதே இல்லை; மன்னிப்புக் கேட்பதில் நாம்தான் சோர்ந்துபோகிறோம்.

சரி, பங்கு அறிவிப்பிலும் மறைக்கல்வி வகுப்பிலும் எப்படி எழுதுவது? அருளடையாளத்தின் பெயராக 'ஒப்புரவு அருளடையாளம்' என்றே எழுதலாம். 'அருட்சாதனம்' என்று பழகியவர்கள் அப்படி எழுதினாலும் தவறில்லை. அதற்குள் பாவங்களைச் சொல்லும் பகுதிக்குப் 'பாவ அறிக்கை' என்பது நல்ல தமிழ். குரு வழங்குவது 'பாவமன்னிப்பு'. பேச்சில் பாவசங்கீர்த்தனம் என்பவர்களைத் திருத்த வேண்டாம். புதுநன்மைக்கு (முதல் நற்கருணைக்கு) தயாராகும் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லையும் அதன் பொருளையும் சேர்த்தே கற்றுக்கொடுக்கலாம். வீட்டில் பாட்டி கேட்கும்போது அவர்களுக்குப் புரிய வேண்டும் அல்லவா.