மென்படலச் சூரியக்கலம்: சொல்லும் பொருளும்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தோட்டத்துக் கிணற்றடியில் எந்தப் பலகை நின்றாலும் பேச்சில் அதற்கு ஒரே பேர், ‘சோலார் பேனல்’. கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது சிலிக்கான் வில்லைகளை அடுக்கிய பலகை. முழுதும் ஒரே கருப்பாக, கிட்டப் போனால் மட்டும் மயிரிழைக் கோடுகள் வரிவரியாகத் தெரிந்தால் ‘தின் ஃபிலிம்’. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

‘ஃபிலிம்’ பழைய ஆங்கிலத்தில் உடம்பின் சவ்வைக் குறித்த சொல். சினிமாவெல்லாம் பின்னால் வந்தது. தமிழில் படலம் என்றால் மேலே பரவி மூடுவது: கண்ணில் படலம், புகைப்படலம். வடமொழியிலும் உள்ள சொல்தான். மெல்லேடு என்றும் எழுதலாம். ஆனால் ஏடு என்றதும் கையில் எடுக்கிற ஓலை நினைவுக்கு வருகிறது. இது பாலின் மேல் ஆடை கட்டுவதுபோல (அங்குள்ள மலையாளத்தில் ‘பாட’) இன்னொன்றின் மேல்தான் உருவாகும். எனவே என் ஓட்டு படலத்துக்கு.

செய்முறையும் அப்படித்தான். சிலிக்கான் வில்லையைப் பாளத்திலிருந்து அறுக்கிறார்கள். தடிமன் 150 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) போல வரும். மென்படலத்துக்குப் பயன்படும் காட்மியம் டெல்லுரைடு என்ற சேர்மம் ஒளியை நன்றாக உறிஞ்சுவதால் 2, 3 மைக்ரானே போதும். அதை ஆவியாக்கிக் கண்ணாடியில் படியவிட்டு, காட்மியம் குளோரைடு சேர்த்து 400 டிகிரி செல்சியஸ் அளவில் சூடு காட்டுவார்கள். படலத்தின் நுண்மணிகளுக்கு நடுவே உள்ள குறைகள் அதில் சரியாகும். இதை விட்டால் திறன், அதாவது ஒளியில் மின்சாரமாக மாறும் பங்கு, படுத்துவிடும். அப்புறம் லேசரால் கீறிப் பல கலங்களாக்கித் தொடராக இணைக்கிறார்கள். நாம் பார்த்த மயிரிழைக் கோடு அதுதான். கீறிய இடத்தில் மின்சாரம் பிறக்காது; கோடு ஒடுங்க ஒடுங்க லாபம்.

முன்பு ஒளி நுழையும் பக்கத்தில் இருந்த காட்மியம் சல்பைடு அடுக்கு நீல ஒளியைத் தானே தின்றுவிடும். அதை மெலிதாக்கி, பிறகு விலக்கியே விட்டு, டெல்லுரைடில் செலினியமும் கலந்த பின் ஆய்வகக் கலங்கள் திறனில் 22 சதவீதத்தைத் தாண்டின. சூடேறும்போது சிலிக்கான் அளவுக்குத் திறன் இழக்காது என்பது பாலக்காட்டு வெயிலுக்குத் தோதான குணம். ஃபர்ஸ்ட் சோலார் என்ற அமெரிக்க நிறுவனத்தின் இவ்வகை ஆலை 2024-இல் தமிழ்நாட்டிலேயே திறக்கப்பட்டது.

சரி, ‘செல்’லுக்குக் கலம்? ‘சூரிய மின்கலம்’ என்றும் எழுதுகிறார்கள். மின்கலம் என்றால் நமக்கு பேட்டரி. “அப்ப ராத்திரியும் மோட்டார் ஓடுமா?” என்று விவசாயி கேட்டால் தப்பு அவர் மேல் இல்லை. இது மின்சாரத்தைச் சேமிக்காது. சூரியக்கலம் என்பதே போதும்.