1, 2, 3ன்னு போட்டுட்டா அது அளவு ஆயிடாது: சுவடி, சிலைக்கு டேட்டாபேஸ் பண்றவங்க கவனத்துக்கு

போன வாரமும் ஒரு எக்செல் ஷீட் வந்துச்சு. ஓலைச்சுவடிக் கட்டுங்க லிஸ்ட், "நிலை"ன்னு ஒரு காலம் (column), அதுல 1லேர்ந்து 4 வரைக்கும் நம்பர், கடைசி வரியில தடியா "சராசரி நிலை 2.3". முன்னாடி 2.6 இருந்துச்சு, இப்ப 2.3, அதனால நிலைமை முன்னேறியிருக்குன்னு ரிப்போர்ட்லயும் எழுதிட்டாங்க. உள்ள போய்ப் பார்த்தா பழைய கட்டு ஒண்ணுலயும் யாரும் கை வைக்கல, புதுசா நன்கொடையா வந்த நல்ல கட்டுங்க லிஸ்ட்ல சேர்ந்ததால சராசரி இறங்கியிருக்கு, அவ்வளவுதான். சென்னையில நூலகம், மியூசியம்னு போய் கேட்லாக் டேட்டாவைச் சரி பண்ணிக் குடுக்கறது என் வேலை. இதே ஷீட்டை வேற வேற இடத்துல திரும்பத் திரும்பப் பார்த்தாச்சு, இனிமேலும் சொல்லாம இருந்தா தப்பு.

1 நல்லா இருக்கு, 2 சுமார், 3 மோசம், 4 ரொம்ப மோசம். இதுல நமக்குத் தெரியறது ஒண்ணே ஒண்ணுதான், இது அதைவிட மோசம். எவ்வளவு மோசம்னு இந்த நம்பர் சொல்லவே இல்ல. 1லேர்ந்து 2க்குப் போறதுன்னா ஓலை ஓரத்துல ரெண்டு மூணு பூச்சி ஓட்டை. 3லேர்ந்து 4க்குப் போறதுன்னா கயிறை அவிழ்த்தாலே ஓலை நொறுங்கிக் கையில வருது, எழுத்தோட. கழிச்சுப் பார்த்தா ரெண்டுத்துக்கும் விடை 1 தான் வரும், ஆனா ரெண்டும் ஒரே 1ஆ? இன்னும் புரியலைன்னா இப்படிப் பாருங்க, ஒரு அலமாரியில பத்துக் கட்டு, அஞ்சு 1ல இருக்கு, அஞ்சு 4ல இருக்கு, சராசரி 2.5. பக்கத்து அலமாரியில அஞ்சு 2, அஞ்சு 3, அங்கயும் 2.5. முதல் அலமாரியில அஞ்சு கட்டு செத்துக்கிட்டிருக்கு, ரிப்போர்ட்ல ரெண்டும் ஒண்ணு! கல்லோட கடினத்தைச் சொல்ற மோஸ் அளவுகோல் 1812லேர்ந்து இருக்கு, அதுல குருந்தம் 9, வைரம் 10, நடுவுல ஒரே ஒரு படி, ஆனா வைரம் கிட்டத்தட்ட நாலு மடங்கு கடினம். வரிசை வேற, அளவு வேறன்னு 1946லயே ஸ்டீவன்ஸ்னு அமெரிக்க உளவியல் அறிஞர் பிரிச்சு எழுதி வெச்சாச்சு. எந்த நிலையில எத்தனை கட்டு இருக்குன்னு எண்ணிக்கையாச் சொல்லுங்க, ஒரே நம்பர்தான் வேணும்னு மேல கேட்டா இடைநிலை மதிப்பை (வரிசையா அடுக்கினா நடுவுல வர்றது) குடுங்க, சராசரி மட்டும் வேண்டவே வேண்டாம்.

சரி நம்பரே வேணாம், வார்த்தையா எழுதிடறோம்னு ஒரு கட்சி இருக்கு. சார்ட் (sort) பண்ணிப் பாருங்க, சுமார், நல்லா இருக்கு, மோசம், ரொம்ப மோசம்னு வரும், அகரவரிசையில "சுமார்" முதல் ரேங்க். இங்கிலாந்துல பழைய கட்டடங்களுக்கு கிரேடு I, II ஸ்டார், IIன்னு மூணு, ஸ்டார் போட்டது வெறும் IIவைவிட மேல, ஆனா எழுத்தா சார்ட் பண்ணா கீழ போயிடும், சில சாஃப்ட்வேர்ல தேடும்போது அந்த ஸ்டாரை "எது வேணா வரலாம்"னு எடுத்துக்கிட்டு எல்லாத்தையும் கொட்டும்.

இதைவிட ஆபத்தானது, கொஞ்சம் டேட்டா மாடலிங் படிச்சவங்க பண்றது. கேட்லாக் சொற்களைக் கம்ப்யூட்டருக்குப் புரியற மாதிரி எழுதற தரம் ஸ்காஸ் (SKOS), அதுல பெரிய வகை, சின்ன வகைன்னு காட்ட பிராடர், நாரோவர் இருக்கு, மியூசியத் தகவலுக்கான சிடாக் சிஆர்எம் (CIDOC CRM) மாதிரியில அதே வேலைக்கு பி127 இருக்கு, அதையே ரேங்க்குக்குப் போட்டுடறாங்க. "மோசம்"க்கு மேல "சுமார்", அதுக்கு மேல "நல்லா இருக்கு". அதோட அர்த்தம் மோசமானது எல்லாம் நல்லா இருக்கறதுல ஒரு வகைங்கறது! நல்ல நிலையில உள்ளதைக் காட்டுன்னு கேட்டா மொத்த கலெக்‌ஷனும் வந்து நிக்கும். வகைக்குள்ள வகை வேற, வரிசை வேற. ஸ்காஸ்ல வரிசைக்குன்னே ஆர்டர்டு கலெக்‌ஷன் இருக்கு, அதைப் போடுங்க. குவெரியில எத்தனாவது இடம்னு எடுக்கறது அதுல கஷ்டம்தான், ஒத்துக்கறேன், அதனால ஒவ்வொரு படிக்கும் தனியா ஒரு வரிசை எண் வெச்சுக்கோங்க, சார்ட் பண்ண மட்டும், கணக்குப் போட இல்ல. நாலு படி உள்ள வரிசையில இருக்கற "சுமார்" வேற, மூணு படி உள்ள வரிசையில இருக்கற "சுமார்" வேற, ரெண்டுக்கும் ஒரே ஐடி குடுக்காதீங்க.

எந்தப் பக்கம் நல்லதுன்னு எழுதி வைங்க தயவுசெஞ்சு. ஈஎன் 16096ன்னு கட்டடங்களுக்கான ஐரோப்பியத் தரம், அதுல 0ன்னா சேதம் இல்ல, 3ன்னா பெரிய சேதம், அவசரத்துக்குத் தனி வரிசை. இங்க ஒரு நிறுவனத்துல ஒரு செக்‌ஷன் 1ன்னா நல்லதுன்னு வெச்சிருந்தாங்க, இன்னொரு செக்‌ஷன் 1ன்னா முதல்ல கவனிக்கணும்னு வெச்சிருந்தாங்க, மெர்ஜ் பண்ணப்போ முதல்ல கவனிக்க வேண்டிய கட்டுங்கதான் "நல்லா இருக்கு"ன்னு போய் உக்காந்துச்சு. எரர் ஒண்ணும் வராது, ரெண்டும் 1 தானே.

நிலையும் அவசரமும் ஒண்ணு இல்ல. வெண்கலச் சிலையில ஒரு ஓரத்துல வெளிர்பச்சையா மாவு மாதிரி ஒரு சின்னப் பொட்டு, பார்த்தா "சுமார்"னுதான் போடுவீங்க, அது ப்ரான்ஸ் டிசீஸா (வெண்கலத்தை உள்ளேர்ந்து அரிக்கறது) இருந்தா குளோரைடு உள்ள வேலை செஞ்சுக்கிட்டிருக்கு, நம்ம ஊர் ஈரக்காத்துல அது நிக்காது, உடனே பார்க்கணும். எழும்பூர் மியூசியத்துல 1930லயே பாதுகாப்புக்குன்னு தனி ரசாயன லேப் வந்ததே வெண்கலச் சிலைங்களுக்காகத்தான். நிலை, அவசரம் ரெண்டையும் ஷீட்ல ஒரே காலத்துல (column) அடைச்சா அந்தப் பொட்டுக்கு இடமே இல்லாமப் போயிடும்.

"இன்னும் பார்க்கல"ங்கறதுக்கு 0வோ 5ஓ போடாதீங்க, அது வரிசைக்குள்ள வர்ற விஷயமே இல்ல. யார் பார்த்தாங்க, எப்ப பார்த்தாங்கன்னு இல்லாத "நிலை" காலம் (column) வெறும் வதந்தி. சிஆர்எம்ல ஈ14 மதிப்பீடு, ஈ3 நிலைன்னு பிரிச்சு வெச்சிருக்கறது இதுக்குத்தான், அடுத்த சர்வே வரும்போது பழசு மேல எழுதாம புதுசா ஒரு மதிப்பீடு சேருங்க.

பழைய ஷீட் வெச்சிருக்கறவங்க நம்பர் காலத்தை அழிச்சுடாதீங்க. பக்கத்துல இன்னொரு காலம் போட்டு எந்த வரிசை, எத்தனை படி, எந்தப் பக்கம் நல்லதுன்னு நிரப்புங்க, அந்த சர்வே பண்ணவங்க இன்னும் வேலையில இருந்தா இந்த வாரமே போய்க் கேளுங்க, ரிட்டயர் ஆயிட்டாங்கன்னா போன் பண்ணுங்க. அப்படியும் தெரியாத ரெக்கார்டுக்கு "வரிசை தெரியல"ன்னே போட்டு விடுங்க, ஊகிச்சு நிரப்பாதீங்க, அந்தக் கட்டை அலமாரியிலேர்ந்து எடுத்துத் திரும்பப் பார்த்துக்கலாம்.