சுருதி சேரவில்லையா? முதலில் காதைப் பாருங்கள்

தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் பழகிக்கொண்டிருந்த ஒன்பது வயதுப் பிள்ளையை அவளுடைய அம்மா என்னிடம் கூட்டி வந்தார். குழுப் பாட்டில் கடைசி வரிசையில் நிறுத்தி, "நீ வாயை மட்டும் அசை" என்று சொல்லிவிட்டார்களாம். அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். அன்றைக்கு அரைப் பேரை, அதாவது அரை நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு வந்திருந்தார். "இவளுக்குப் பாட்டே வராதுன்னு சொல்றாங்க மிஸ். அது பிறவியிலேயே உள்ளதா?" என்று கேட்டார்.

இலங்கையின் மலையகத்தில் காது கேட்கும் பரிசோதனை செய்கிற எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பிள்ளைக்கு இரண்டு செவிப்பறைக்கும் பின்னால் நீர் கட்டியிருந்தது. பனிக்காலம் முழுக்க சளியாம். சத்தம் 30 டெசிபலுக்கு மேல் இருந்தால்தான் அவளுக்குக் கேட்டது. இந்த நிலையில் தன் குரல் எலும்பு வழியாகப் பலமாகக் கேட்கும், பக்கத்தில் நிற்பவரின் குரல் மங்கிவிடும். கேட்காத சுருதியோடு யாரால் சேர முடியும்? ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டி, அரைச் சுர வித்தியாசத்தில் இரண்டிரண்டு ஒலிகளாகக் கொடுத்து, "எது மேலே?" என்று கேட்டேன். ஒன்றிரண்டைத் தவிர எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள்.

காதும் மூளையும் இதில் எப்படி வேலையைப் பிரித்துக்கொள்கின்றன என்று பெற்றோரும் ஆசிரியர்களும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட குழாய் ஒன்று இருக்கிறது. அதற்குள் ஓடும் சவ்வின் நீளம் ஏறக்குறைய 35 மில்லிமீற்றர். தேயிலைத் தோட்டத்தில் ஒவ்வொரு மலைக்கும் ஒரு நம்பர் இருக்கிற மாதிரி, இந்தச் சவ்வில் ஒவ்வோர் இடமும் ஓர் அதிர்வெண்ணுக்கு (ஒலி செக்கனுக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற கணக்கு, ஹேர்ட்ஸில் சொல்வார்கள்) உரியது. வாசலில் கீச்சுச் சத்தம், உள்கோடியில் கனத்த சத்தம். மூளையின் கேட்டல் பகுதியும் இதே வரிசையைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

ஆனால் சுருதி என்பது அந்த நம்பர் மட்டுமல்ல. கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் முன்பு லேண்ட்லைனில் வீட்டுக்கு எடுத்த கோலை நினைத்துப் பாருங்கள். ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் பெரும்பாலும் 100 முதல் 150 ஹேர்ட்ஸுக்குள் இருக்கும். அந்தப் பழைய லேண்ட்லைனோ 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைப் பெரும்பாலும் அனுப்பியதே இல்லை. அப்படியிருந்தும் அந்தக் கனத்த குரல் கனத்த குரலாகவே கேட்டது. வந்து சேர்ந்த மேல் அதிர்வுகளின் இடைவெளியைப் பார்த்து, வராத அடியை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. இப்படி அடி அதிர்வு இல்லாத ஒலியிலும் அதே சுருதிக்குப் பதில் சொல்லும் நரம்பணுக்களை 2005இல் மார்மொசெட் குரங்குகளின் மூளையில் கண்டுபிடித்தார்கள்.

அடுத்தது ஆதார சுருதி, அதாவது பாட்டு முழுக்கப் பின்னால் ஒலித்து 'ஸ' எது என்று காட்டும் ஒலி. சுருதிப் பெட்டியை ஒரு கட்டையில் (கட்டை என்பது ஆதார சுருதியின் உயரத்தைக் குறிக்கும் எண்) வைத்து 'ப' பாடுங்கள். அதே குரலை அப்படியே பிடித்துக்கொண்டு பெட்டியை ஐந்து கட்டைக்கு மாற்றுங்கள். குரல் அசையவில்லை, ஆனால் 'ப' இப்போது 'ஸ' ஆகிவிட்டது. சற்று முன் வெளியில் நின்ற சுரம் வீடு வந்து சேர்ந்துவிட்டது! இதை நான் முதலில் செய்து பார்த்த நாள் இன்னும் ஞாபகம் இருக்கிறது. 1984இல் வெளியான ஓர் ஆய்வில் வட இந்திய ராகங்களை இந்தியர்களுக்கும் மேலைநாட்டவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். ஸட்ஜமும் ('ஸ') பஞ்சமமும் ('ப') மற்றச் சுரங்களைவிட முக்கியமாக நிற்பதை இரு சாராரும் உணர்ந்தார்கள். அடியில் கிடக்கும் சுர வரிசையைப் பிடித்தவர்கள் அந்த இசையோடு வளர்ந்தவர்கள்தான். ஆகவே தாலாட்டும் பஜனையும் தப்பு மேளச் சத்தமும் கேட்டு வளரும் நம் பிள்ளைகளின் மூளை யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே பாடம் படித்துக்கொண்டிருக்கிறது.

பிறவியிலேயே சுருதி பிடிபடாதவர்கள் இல்லாமலில்லை. 2017இல் வெளியான ஒரு பெரிய கணக்கு நூற்றுக்கு ஒன்றரைப் பேர் என்கிறது. அவர்களுக்குக் காது நல்லாகவே இருக்கும், பேச்சும் விளங்கும். அந்த ஒன்றரைக்குள் ஒரு பிள்ளையைத் தள்ளுவதற்கு முன் காதைப் பார்க்க வேண்டாமா? பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் காது மூக்கு தொண்டை கிளினிக் இருக்கிறது, காசு கேட்க மாட்டார்கள். இந்தப் பிள்ளையையும் அங்கேதான் அனுப்பினேன். மூன்று மாதத்தில் நீர் வற்றிவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின் என்ற மருந்து சிலருக்கு எல்லாச் சுரத்தையும் கொஞ்சம் இறக்கிக் கேட்க வைக்கும். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டொக்டரிடம் சொல்லுங்கள்.

பெரியவர்களின் கதை வேறு. தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் கொழுந்தை உருட்டும் ரோலர் மெஷின் பக்கம் நின்ற ஐயா ஒருவர் வந்தார். மாசியில் காமன் கூத்துக்கு லாவணி பாடுகிறவர். "ஹோர்மோனியம் ரெண்டு சுருதியா கேக்குது தாயி" என்றார். 2000 ஹேர்ட்ஸ் ஒலியை வலது காதுக்குக் கொடுத்தேன், பிறகு அதையே இடது காதுக்கு. முகத்தைச் சுளித்து, "இது வேற கட்டையில்ல?" என்றார். மெஷின் பக்கமாக இருந்த காது இடது காது. உள்காதுச் சவ்வின் மேல் ஒலியை உணரும் மயிரணுக்கள் இருக்கின்றன; ஓரிடத்து அணுக்கள் அழிந்தால் பக்கத்து நம்பர் மலைக்காரர்கள் பதில் சொல்வார்கள், மூளைக்குப் போகும் சுருதி பிசகும். அந்த அணுக்கள் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. ஒரு கை தூரத்தில் நிற்பவரோடு கத்திப் பேச வேண்டிய இடத்தில் வேலை என்றால் காதுக்கு அடைப்பான் கட்டாயம் வேண்டும்.

பாடும்போது இடது காதில் வைத்துக்கொள்ளச் சொல்லி ஐயாவுக்கும் அடைப்பான் கொடுத்தேன். வாசல் வரை போனவர் திரும்பி வந்து இன்னொரு ஜோடி கேட்டார். மகனும் அதே ரோலரில்தான் நிற்கிறாராம்.